முன்கூடத்தில் ஒரே ஓர் இடம்

தண்ணீர் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் ஒரு பொருளுக்குத்தான் இடமிருந்தது. போட்டிக்கு வந்தவை இரண்டு. ஒன்று, மூத்தவள் எட்டு மாதம் உட்கார்ந்து செய்த நகரம். அணை, கால்வாய், நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள், வீட்டுக்கு ஒரு குட்டிக் குழாய், எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள். இன்னொன்று, இளையவள் செய்த பம்பு. கைப்பிடியை அழுத்தினால் நீலத் தண்ணீர் குழாய்களில் குபுகுபுவென்று ஏறி, மரவீடுகளுக்குப் பாயும்.

இருவரும் ஓர்ப்படிகள், அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் செய்யும் இந்த வேலைக்கு இளையவளைச் சிபாரிசு செய்ததே மூத்தவள்தான். வீட்டில் மாமியார் எதற்கெடுத்தாலும் "சின்னவ கை பட்டாலே தனி" என்பார். வேலையிடத்தில் நல்ல பெயராவது தனக்கென்று மிஞ்சும் என்று நினைத்திருந்தாள் பாவம்.

"ஒரு வாரம் ரெண்டும் இருக்கட்டும். ஜனங்க எதுகிட்ட நிக்கிறாங்கன்னு பார்ப்போம்" என்றார் இயக்குநர்.

ஜனங்கள் பம்பை மொய்த்தார்கள். வரிசை கண்ணாடிப் பெட்டி வரை நீண்டது. நகரத்தின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பம்பு எப்போது கிடைக்கும் என்று எட்டிப் பார்த்தார்கள். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் நாள் இளையவள் விடுப்பு. மூத்தவள் கிடங்கிலிருந்து ஒரு பலகையை எடுத்து வந்து பம்பில் மாட்டினாள்: 'பழுது. தொடாதீர்கள்.' பம்பு கல்லுமாதிரி நன்றாகத்தான் இருந்தது.

பத்தரை மணிக்குப் பார்வையில்லாத ஒரு பெண், தங்கையின் முழங்கையைப் பிடித்தபடி வந்தாள். பெட்டியைத் தடவினாள். கைக்குக் கண்ணாடிதான் தட்டுப்பட்டது.

"பக்கத்துல பம்பு இருக்குக்கா, ஆனா பழுதாம்" என்றாள் தங்கை.

"அட, இங்கயும் நமக்கு ஒண்ணும் இல்லையா? சரி, கான்டீனாவது வேலை செய்யுதா பாரு" என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு மூத்தவளைச் சுருக்கென்று தைத்தது. பலகையைக் கழற்றினாள். "சரியாயிடுச்சும்மா, வாங்க" என்று அந்தப் பெண்ணின் கையைக் கைப்பிடியில் வைத்தாள்.

அவள் அழுத்தினாள். மறு கையால் குழாயைப் பிடித்து, அது போய்ச் சேரும் மரவீடு வரை தடவினாள். "ஏறுது! குளிர்ச்சியா ஏறுது! இதுதான் வீடா? யாருங்க இதைச் செஞ்சது?"

மூத்தவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். 'நான்' என்று சொன்னால் இங்கே யாருக்குத் தெரியப்போகிறது?

"என் ஓர்ப்படி" என்றாள் கடைசியில்.

சாயங்காலம் வீட்டில் இளையவளிடம் தானே போய்ச் சொன்னாள். "இன்னிக்கு உன் பம்புல பழுதுன்னு போர்டு மாட்டினேன்."

"பழுதா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. எனக்குப் பொறுக்கல, அவ்வளவுதான்."

"என்கிட்ட சண்டை போட்டிருக்கலாமேக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு இளையவள் உள்ளே போனாள். நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவேயில்லை. ஆனால் இயக்குநரிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

முன்கூடம் பம்புக்குப் போயிற்று. நகரம் மாடிக்கு ஏறியது. அங்கே வருகிறவர்கள் குறைவு. வந்தவர்கள் குனிந்து நிதானமாகப் பார்த்தார்கள். அதில் மூத்தவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். பொறாமை மட்டும் முழுசாகப் போகவில்லை. கீழே யாராவது கைதட்டினால், இன்னும் அவள் பல்லைக் கடித்துக்கொள்கிறாள்.