ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவே

சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்த நாலு பேர் சிரித்த சிரிப்பு, மயிலாப்பூரில் ஒரு படுக்கையறைக்குள் விஜயலக்ஷ்மியின் காதில் வந்து விழுந்தது. அவள் கணவர் ராஜகோபாலன் கூடத்தில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பாட்டு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பாதி வர்ணத்தில் நிறுத்திவிட்டு, "ஒண்ணுமில்லைப்பா, எங்காத்துல மாமி ரைஸ் மில் ஓட்டிண்டிருக்கா" என்று அவர் சொன்னதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

ரைஸ் மில் என்று அவர் சொன்னது மகன் சாய்சரண் டொராண்டோவுக்குப் போகும்போது விட்டுப்போன பழைய கேமிங் கம்ப்யூட்டரை. இடுப்பளவு உயரம், உள்ளே ஐந்து விசிறி. சத்தம் போடும்தான், இல்லை என்று விஜயலக்ஷ்மியே சொல்லமாட்டாள். முப்பத்தோரு வருஷம் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்திவிட்டு, போன மே மாதம் ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற அடுத்த வாரம் தூசி தட்டுகிற சாக்கில் அதன் முன்னால் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை.

நாலு பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்கிற விளையாட்டு அது. விஜயலக்ஷ்மி வில்லாளி. அவளுடைய பழைய மாணவி, அடையாறில் இருக்கும் ஸஹானாவும் அவள் அலுவலகத் தோழிகள் இரண்டு பேரும் மற்ற மூவர். மூவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. எட்டு மணிக்கு அமெரிக்காக்காரன் கூப்பிட்டுவிடுவான். ஆகவே ஆறிலிருந்து எட்டுக்குள் ஆடினால் உண்டு. ராஜகோபாலனின் வகுப்பும் சொல்லிவைத்தாற்போல ஆறிலிருந்து எட்டு.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு இந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. மாணவர்கள் நேரில் வந்த காலத்திலிருந்தே உள்ள சட்டம். மிக்ஸி ஓடாது, குக்கர் விசில் அடிக்காது. சரியாக ஆறரைக்கு அவர் பக்கத்தில் காபி வரும், ஆனால் வந்தது தெரியாது. டபரா தரையில் பட்டு 'ணங்' என்று கேட்கக்கூடாதே என்று கைத்துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் வைத்துவிட்டு வருவாள் விஜயலக்ஷ்மி. பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்தரைக்கு வந்து, புடவை மாற்றக்கூட நேரமில்லாமல் முப்பத்தோரு வருஷம் இதைச் செய்தாள். ஒரு நாளும் ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வகுப்பு முடிந்ததும் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"நாலு பேருக்கு முன்னாடி என்னை வெச்சுச் சிரிக்கணுமா?"

"சத்தம் வந்தா சொல்லத்தான் சொல்வேன். வெறும் சத்தமா இருந்தாக்கூடப் பரவாயில்லைடி. நான் பாடறது ஒண்ணரைக் கட்டை சுருதி. உன் மெஷின் ஒண்ணரைக் கட்டைக்கும் ரெண்டு கட்டைக்கும் நடுவுல நின்னுண்டு ஊதறது. அபஸ்வரம்! காதுல ஊசி குத்தற மாதிரி இருக்கு."

"சத்தமே வராம பண்ணிட்டேன்னா?"

ராஜகோபாலன் பெரிய மனசு பண்ணிக் கையை விரித்தார். "சத்தம் வரலைன்னா நேக்கென்ன வந்தது? பகல் பூரா ஆடு. நான் என்ன ஆடாதேன்னா சொன்னேன்?"

இந்தப் பேச்சை விஜயலக்ஷ்மி மனசுக்குள் கல்வெட்டாக வெட்டி வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு மாதம் கம்ப்யூட்டர்ப் பெட்டிகளைப் பற்றிப் படித்தாள். படுக்கையறையில் மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடம். பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், சின்னதாக இருந்தால் உள்ளே சூடு ஏறும், சூடு ஏறினால் விசிறி வெறிபிடித்துச் சுற்றும், சுற்றினால் சத்தம். சின்னதும் வேண்டும், சத்தமும் கூடாது என்றால் எங்கே போவது?

தி. நகரில் ஒரு மாடிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் நதீம் நாற்பது வயதுக்காரர். ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகியிருந்தார்.

"வாங்க மேடம். பேரனுக்கா?"

"எனக்கு."

"இல்ல, கேமிங் சிஸ்டம்னு சொன்னீங்களே..."

"எனக்குன்னுதான் சொன்னேன். காது கேக்கலையா?"

அவள் குரல் ஐம்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைத்த குரல். நதீம் ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். மரியாதையான மனுஷர், அதற்குப்பின் ஒரு தடவைகூடப் பேரன் பேச்சை எடுக்கவில்லை. சாமான் பொருத்தி ஓடிக்கொண்டிருந்த மூன்று சின்னப் பெட்டிகளைக் காட்டினார்.

"சும்மா நிக்கும்போது எல்லாப் பெட்டியும் சாதுதான். மூணுலயும் பெரிய கேமா போட்டு இருபது நிமிஷம் ஓட விடுங்கோ. ஏசியை அணையுங்கோ. கதவையும் சாத்துங்கோ" என்றாள் விஜயலக்ஷ்மி. பிறகு கைப்பையிலிருந்து ஒரு சுருதிப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வீட்டில் உபரியாகக் கிடந்தது. ஒன்றரைக் கட்டையில் வைத்து, மெதுவாக ஒலிக்கவிட்டாள்.

நதீம் திகைத்துப்போனார். "இது இன்னா மேடம், பூஜையா?"

"பரீட்சை."

முதல் பெட்டிக்குப் பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வானவில் விளக்கு. சூடேறியதும் கண்ணாடி கடகடவென்று அதிர்ந்தது. இரண்டாவது குழந்தை மாதிரி அழகாக இருந்தது; ஆனால் அதன் குட்டி விசிறி சுருதிக்குக் கொஞ்சம் மேலே, கொசுபோல ரீங்காரம் இட்டது. இதைக் கேட்டால் ராஜகோபாலன் மெட்ராஸையே கூட்டிவிடுவார் என்று ஒதுக்கினாள். மூன்றாவது கறுப்பு. வானவில் விளக்கு கிடையாது, கண்ணாடி கிடையாது, பார்ப்பதற்குப் பிரெட் டப்பா. உள்பக்கம் தடித்த கம்பளி ஒட்டியிருந்தது. மேலே ஒரே ஒரு பெரிய விசிறி.

"பெரிய ஃபேனுன்னா மெதுவா சுத்தினாலே போதும் மேடம், காத்து நல்லா வரும். சின்ன ஃபேனுதான் ஓடிக்கினே கத்தும். இது விக்கவே மாட்டேங்குது, லைட்டு இல்லன்னு யாரும் தொட மாட்டேன்றாங்க. ஆனா மெய்யாலுமே நல்ல பொட்டி" என்றார் நதீம்.

விஜயலக்ஷ்மி அதன்மேல் காதை வைத்தாள். சுருதிதான் கேட்டது, அதற்கு அடியில் ஒரு மூச்சுக்காற்று, அதிலும் ஸ்வரம் என்று எதுவும் இல்லை. நதீமும் குனிந்து மறுபக்கம் காதை வைத்தார். இரண்டு பேரும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் காதை ஒட்டிக்கொண்டு நின்ற அழகை, கதவைத் திறந்த ஒரு வாடிக்கையாளர் பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டு போனார்.

தன் சொந்தப் பணத்தில், யாரையும் கேட்காமல், அந்தப் பெட்டியிலேயே புது கம்ப்யூட்டர் கட்டி வாங்கி வந்தாள். கைப்பிடிகூடத் தேவைப்படவில்லை, இடுப்பில் இடுக்கிக்கொண்டே ஆட்டோவிலிருந்து இறங்கினாள். ராஜகோபாலனைக் கூப்பிட்டு விளையாட்டை ஓடவிட்டுக் காண்பித்தாள். அவரும் காதை வைத்துப் பார்த்து, "பேஷ்! ஒண்ணுமே கேக்கலையே" என்று சான்றிதழ் கொடுத்தார்.

மூன்று நாள் ஆடினாள். ஆறு மணிக்கு முன்னாலேயே காபியைப் பிளாஸ்க்கில் ஊற்றி, டபராவோடு அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். காதில் ஹெட்ஃபோன், பேச்சு கிசுகிசு. மூன்றாம் நாள் கோட்டை விழாமல் காத்தார்கள். "மிஸ், நீங்க இல்லன்னா செத்தோம்" என்றாள் ஸஹானா. இன்னொரு ஆட்டம் போடலாமா என்று கிசுகிசுத்தாள் விஜயலக்ஷ்மி.

நாலாம் நாள் சாப்பிடும்போது ராஜகோபாலன் ரசத்தைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"அந்த மெஷின் சத்தம் வர்றதுடி."

"எந்த மெஷின்?"

"உன்னோடதுதான். வெளியில தெரியாது, உள்ளுக்குள்ள ஓடிண்டே இருக்கு. பாட்டுல மனசு நிக்க மாட்டேங்கறது. அதே எடம், ஒண்ணரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல."

விஜயலக்ஷ்மிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொன்னால் தட்டு பறக்கும் என்று தெரிந்ததால் எழுந்து கை கழுவப் போனாள். அவர் காதில் ஒருவேளை நிஜமாகவே விழுகிறதோ என்று ஒரு கணம் சந்தேகமும் வந்தது. சந்தேகம் வந்தால் சோதித்துப் பார் என்று முப்பத்தோரு வருஷம் ஊருக்கு உபதேசம் செய்தவள் அவள்தானே!

மறுநாள் ஸஹானாவிடம் அரை மணி தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆறு மணிக்குப் பிளாஸ்க்கை வைத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். செத்த திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கூடத்தில் பாட்டு நடந்தது. ஆறு இருபது. ஆறு இருபத்தைந்து. மணி ஆறரையைத் தாண்டியது.

"விஜி! நிறுத்துடி அதை! பாடவே முடியலை. ஒரே இரைச்சல்!"

நாலு சிஷ்யர்களுக்கும் கேட்கும்படிதான் கத்தினார்.

அவள் எழுந்தாள். பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். வால் மாதிரி ஒயர் தரையில் இழுபட, கூடத்துக்கு வந்து, லேப்டாப் கேமராவுக்கு நேரே, அவர் சுருதிப் பெட்டியின் பக்கத்தில் 'ணங்' என்று வைத்தாள். பிளக்கைத் தூக்கி அவர் முகத்துக்கு முன்னால் காட்டினாள்.

"ஆறு மணிலேர்ந்து இது இப்படித்தான் இருக்கு. சொல்லுங்கோ, எந்த இரைச்சல்?"

ராஜகோபாலன் பிளக்கைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். லேப்டாப்புக்குள்ளிருந்து பிரணவ் என்ற சிஷ்யன், சிங்கப்பூரில் வங்கியில் வேலை பார்ப்பவன், ரொம்பப் பணிவாக, "சார், எங்களுக்கும் ஒண்ணும் கேக்கலையே" என்றான்.

"நீ சும்மா இருப்பா!" என்று அவன்மேல் பாய்ந்தவர், அவள் பக்கம் திரும்பியபோது குரலை இறக்கினார். "ஆறரைக்குக் காபி வரலை. அதான், என்னவோ..."

"பிளாஸ்க்ல இருக்கு. உங்க முட்டி இடிக்கற தூரத்துல இருக்கு."

"பிளாஸ்க்ல இருக்குடி. நீ கொண்டு வரலையே."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! இப்படி ஒரு கோபம் அவளுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. அழுகையும் வந்தது, கோபம் அதை வெளியே விடவில்லை.

"இந்தாத்துல சத்தமே போடாம, எடத்தையும் அடைக்காம ஒரு மெஷின் முப்பத்தோரு வருஷம் ஓடித்து. ஓடினப்போ ஒரு நாள் உங்க காதுல விழுந்ததா? இப்போ அது நின்னுடுத்து. அந்த சத்தம்தான் உங்களுக்குக் கேக்கறது."

சிங்கப்பூரில் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அவள் குனிந்து, சுவரிலிருந்து சுருதிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். ஒன்றரைக் கட்டை நின்றது. அந்த ஓட்டையிலேயே தன் பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினாள். பெட்டியின் முகப்பில் கடுகத்தனை வெள்ளை விளக்கு எரிந்தது. கூடம் பூராவும் அமைதி. தெருவில் யாரோ ஸ்கூட்டரை நிறுத்துவதுகூடக் கேட்டது.

"இப்போ நிஜமாவே ஓடறது. கேக்கறதா?"

அவர் தலையைச் சாய்த்து, அரை நிமிஷம் உன்னிப்பாகக் கேட்டார். ஐம்பது வருஷம் சங்கீதத்தில் ஊறிய காது.

"கேக்கலை" என்றார், மெல்ல.

"மானிட்டரைக் கொண்டு வரேன். இனிமே நான் கூடத்துல. நீங்க லேப்டாப்பைத் தூக்கிண்டு உள்ள போய்ப் பாடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவள், பாதி வழியில் நின்று பிளாஸ்க்கைக் காட்டினாள். "காபி இன்னும் சூடாத்தான் இருக்கு. எடுத்துக் குடிங்கோ. டபராவை மெதுவா வையுங்கோ, எனக்கு ஆட்டம் இருக்கு."