தலை முளைத்த எழுத்து

…மறுபடியும் தலை வைத்துவிட்டாள், இத்தனை சொல்லியும், பர்மிய 'வ' என்றால் வெறும் வட்டம்தானே, பர்மாவில் பால் மறந்த பிள்ளைகூட ஒரே சுழியில் போட்டுவிடும், இங்கே மகாச்சாய்த் துறைமுகத்தில் பிறந்ததுகளோ தொடங்குகிற இடத்தில் தலையென்று ஒரு குட்டிச் சுழி போட்டுவிட்டுத்தான் வட்டத்துக்கே போகின்றன, காலையில் தாய்லாந்துப் பள்ளிக்கூடத்தில் தலையிலிருந்துதான் எழுத வேண்டுமென்று பழக்கினால் சாயங்காலம் கை வேறெங்கே போகும்… யி மோனுக்கு அலுத்துப் போயிற்று. இறால் சந்தைக்கு மேலே வாடகை அறை, அதில் சாயங்கால பர்மிய வகுப்பு, கீழிருந்து ஏறிவரும் கவிச்சி, ஆளுக்கொரு சிலேட்டு, நடுவில் பெற்ற மகளே, ஹ்னின், குப்புறக் கவிழ்ந்துகொண்டு… ஊரார் பிள்ளை தலை வைத்தால் தொலைகிறது என்று விடலாம், இவளுமா?

"தலை இல்லாம எழுதினா அங்க மார்க்கு போயிடும், டீச்சர்." வகுப்பில் அம்மா என்று கூப்பிடக்கூடாது என்பது யி மோனே போட்ட சட்டம். "இது அந்தப் பள்ளிக்கூடம் இல்ல, நம்ம எழுத்துக்குத் தலை கிடையாது." "அப்ப இத யாரு படிப்பா?" யார் படிப்பார்கள்… தெருப்பலகை அவர்கள் எழுத்து, மருந்துச் சீட்டு அவர்கள் எழுத்து, நேற்று மீன் கப்பல் கரை சேர்ந்ததும் இவள் அப்பன் போனில் சொன்னானே, இந்த வருஷமும் நம்ம ஊரு தவேய்க்குப் போறதா இல்ல, அங்க போயி என்ன கிழிக்கப் போறோம், பிள்ள உசுர எடுக்காத… ஒவ்வொரு வருஷப் பிறப்புத் தண்ணீர்த் திருவிழாவுக்கும் அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று சொல்லியே வயசு போயிற்று, போகாவிட்டாலும் எழுத்து இருந்தால் இவள் நம்ம பிள்ளை, அதுவும் போனால், பெற்றவள் ஒரு சீமை, பிள்ளை ஒரு சீமையா? "பேசாம எழுதுடி," என்றாள், குரல் உடைந்ததை மறைக்க முடியவில்லை. ஹ்னின் நிமிர்ந்து அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"முடிச்சிட்டேன்." சிலேட்டு நிறைய வட்டங்கள், ஒன்றில்கூடத் தலை இல்லை, அடி என் ராசாத்தி, வந்துவிட்டதே, கையில் வந்துவிட்டதே… யி மோன் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அப்போதுதான் பிள்ளையின் ஆள்காட்டி விரல் ஈரமாக, வெள்ளையாக இருந்தது கண்ணில் பட்டது, சிலேட்டைச் சாய்த்துப் பார்த்தாள், ஒவ்வொரு வட்டம் தொடங்கும் இடத்திலும் ஒரு பொட்டு எச்சில். "அழிச்சியா?" "தலையோடதாம்மா வருது… அழிச்சிட்டா நீ அழமாட்டேல்ல?" என்றாள் ஹ்னின், சட்டத்தை மறந்து. அப்படியென்றால் இவள் எழுத்துப் படிக்கவில்லை, என்னைத்தான் சமாதானப்படுத்துகிறாளா, ஊர் யாருக்கு வேண்டியிருக்கிறது, இவளுக்கா, எனக்கா… சரி போடுவதா, தப்புப் போடுவதா என்று தெரியாமல் பலப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். எச்சில் காயக் காய, அழித்த தலைகள் ஒவ்வொன்றாகச் சிலேட்டில் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தன. "நல்லா இருக்கும்மா," என்று சொல்லி, பிள்ளை பார்க்கும் முன் சிலேட்டைக் கவிழ்த்து வைத்தாள்.