ஐந்தில் வைத்த மின்விசிறி

மூன்று வருடங்களாக இரண்டிலேயே கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாசிப்பு வாத்தியார் ஐந்தில் வைத்தார். அந்த அறையில் அதுவரை சேர்ந்து கிடந்த ஒலிகள் அத்தனையும் கிளம்பி ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டன. வியர்த்தது, வைத்தார், வேறு உள்நோக்கம் ஏதும் இல்லை. ஆனால் தையல்காரரின் இயந்திரத்துக்குள் ஒரு கூடை ககரம் புகுந்துவிட, அன்றைக்குத் தைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் எல்லாம் கக்கக்கென்று நடந்தார்கள். முடிதிருத்தகத்தில் சாய்ந்திருந்த ஒருவரின் காலருக்குள் விழுந்த ழகரம் மூன்று நாள் குளித்தும் போகவில்லை. மருந்துக்கடைக்காரர் நேராகத் தலைமையாசிரியையிடமே வந்துவிட்டார். "உங்க ஸ்கூல் குப்பையை உங்க ஸ்கூல்லயே வச்சுக்கங்கம்மா. மாத்திரை டப்பாவைத் திறந்தா 'ப, பா'ங்குது."

அந்த ஒலிகள் அத்தனையும் ஒரே சிறுமிக்காகச் சொல்லப்பட்டவை. எட்டு வயது. எதைக் கேட்டாலும் "ம்" என்று தலையாட்டுவதால் வகுப்பில் அவளுக்கு ம்ம் என்றே பெயர். காது மருத்துவர் மூன்று முறை சோதித்துவிட்டு, "காது என் காதைவிட நல்லா இருக்கும்மா. உள்ள வர்ற சத்தத்தைப் பிரிச்சு எடுக்கறதுலதான் சிக்கல்" என்று அவள் அம்மாவிடம் சொன்னார். கூரியர் அலுவலகத்தில் நாள் முழுக்கப் பார்சல் பிரிக்கும் அம்மாவுக்கு அது உடனே புரிந்தது. வாத்தியாருக்குப் புரியவில்லை, ஆனால் புரிந்ததாகத் தலையாட்டினார். அவர் வழி பொத்தான் வழி. ஓர் எழுத்துக்கு ஒரு சட்டைப் பொத்தான் என்று மேஜையில் அடுக்கி, "பலகைல முதல் சத்தத்தை எடுத்துட்டா மிச்சம் என்ன?" என்பார். கேள்வி அவள் காதுவரை போகும், வாசலில் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு தரையில் விழுந்துவிடும். குரலை உயர்த்துவார். உயர்த்திச் சொன்னவை கனம் கூடி இன்னும் சீக்கிரம் விழுந்தன. விழுந்தவை முதல் வருடம் கணுக்கால்வரை சேர்ந்தன, இரண்டாம் வருடம் முழங்கால்வரை. பெருக்குகிற அக்கா, "இது என் வேலையில சேராது சார்" என்று வாசலோடு நின்றுகொண்டார். வாத்தியார் தொண்டை மாத்திரையைச் சப்பியபடி ஒலிகளுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து பாடம் நடத்தினார். முடிவில் "புரிஞ்சுதா?" என்பார். "ம்" என்பாள். இருவரும் களைத்து வீட்டுக்குப் போவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குள் ம்ம் ஒரு வரியாவது வாசிக்க வேண்டும் என்று தலைமையாசிரியை கெடு வைத்திருந்தார். இல்லையென்றால் ஊரின் மறுகோடியில் இருக்கும் வேறு பள்ளி. அம்மாவின் வேலை நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. அதனால் வேறு பள்ளி என்றால் படிப்பை விட்டு வீட்டோடு இருப்பது என்று பொருள். இந்த நேரம் பார்த்துத்தான் மின்விசிறி விவகாரம். தலைமையாசிரியை ஜன்னலைச் சாத்தி, எலக்ட்ரீஷியனை வரவழைத்து மின்விசிறியையே கழற்றிவிட்டார். போனதை எல்லாம் பொறுக்கிவரும் வேலை வாத்தியார் தலையில் விழுந்தது. இரண்டு நாள் சாக்கும் கையுமாக வீடு வீடாக, "இங்க ஏதாச்சும் சத்தம் வந்துச்சாங்க?" என்று கேட்டு அலைந்ததில் பாதி ஒலிகள் திரும்பின, அவருடைய குரல் மொத்தமும் போயிற்று.

வெள்ளிக்கிழமை அம்மாவும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றார். அறை அடுப்பாக இருந்தது. மேலே இரண்டு ஒயர்கள் மட்டும் தொங்கின. வாத்தியாருக்குக் கத்த ஆசைதான், தொண்டை ஒத்துழைக்கவில்லை. "பலகை" என்று காற்றோடு காற்றாகச் சொன்னார். சொல் அவள் காதுவரை போனது, வழக்கம்போல வாசலில் நின்றது, உள்ளே போய்விட்டது. ம்ம் முதல் பொத்தானை நகர்த்தினாள். "லகை" என்றாள். தன் மூன்று வருட உழைப்பு பலித்துவிட்டதென்று வாத்தியார் ஒரு நிமிடம் மார்பை நிமிர்த்தினார். பிறகு புத்தகத்தைத் திறந்து வைத்தார். 'மழை வரும் முன் துணியை எடு' என்ற வரியை எழுத்து எழுத்தாகத் தனக்கே சொல்லிப் பார்த்து வாசித்து முடிக்க அவளுக்கு நாலு நிமிடம் ஆனது. அம்மா அப்படியே ஒலிச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். சாக்கு ஏதோ முனகியது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

"எப்படிம்மா இன்னிக்கு மட்டும்?" என்றார் வாத்தியார்.

ம்ம் ஒயர்களை அண்ணாந்து பார்த்தாள். "ஃபேன் இல்லல்ல சார். அது ஓடினா நீங்களும் அதுவும் ஒரே ஆளா ஆயிடுவீங்க. நீங்க கத்தினா அதுவும் கத்தும்."

"அடிப்பாவி, மூணு வருஷமா 'புரிஞ்சுதா, புரிஞ்சுதா'ன்னு கேட்டேனே. ஒரு தடவை இல்லன்னு சொல்லக் கூடாதா?"

"சொன்னா இன்னும் சத்தமாச் சொல்வீங்களே சார்."