பெரிய சீட்டு

"இன்னும் கிட்ட" என்றார் பச்சியப்பன்.

சுசித்ரா பாட்டிலை அப்பாவின் முகத்தருகே கொண்டுபோய்ச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். ஸ்பிரிட்டுக்குள் கட்டைவிரல் பருமனில் பழுப்புநிறச் சிலந்தி கால்களை மடக்கிக் கிடந்தது. அதன் பக்கத்தில், பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு.

நுரையீரல் இனித் தேறாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பி நான்கு நாளாகியிருந்தது. இந்த நான்கு நாளில் அவர் கேட்டது ஒன்றைத்தான். அந்தப் பூச்சியை ஒருதரம் காட்டு. பெங்களூரில் அவள் வேலை செய்யும் ஆய்வகத்திலிருந்து பஞ்சு சுற்றி, டிபன் டப்பாவுக்குள் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள். தன் இரண்டு வருஷ உழைப்பைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக ஆசைப்படுகிறார் என்று நினைத்தாள்.

அது வீட்டுச் சுவரில் ஓடும் சிலந்தி வகை அல்ல. வீட்டுச் சிலந்தியின் பற்கள் கத்தரிக்கோல் மாதிரி பக்கவாட்டில் மூடும். இதன் பற்கள் களைக்கொத்து மாதிரி மேலிருந்து கீழே இறங்கும். மண்கரையில் விரல் நுழையும் அளவுக்கு வளை தோண்டி, உட்புறம் முழுக்கப் பட்டு பூசி, மண்ணையும் பட்டையும் குழைத்து வாசலுக்கு ஒரு கதவு செய்துகொள்ளும். கதவுக்குக் கீல்கூட உண்டு. மூடியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது. பெண் சிலந்தி அந்த வளையை விட்டு நகர்வதே அரிது. அதனால் ஒரு சரிவில் இருக்கும் இனம் அடுத்த சரிவில் இல்லாமலே போகலாம். எங்கே பிடித்தது என்று தெரியாவிட்டால் அது பாதிச் சிலந்திதான். மியூசியத்தில் ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் சீட்டு போடுவது இதற்காகத்தான். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், பென்சில் நூறு வருஷம் நிற்கும். பிடித்த ஊர், தேதி, பிடித்தவர் பெயர், இனம் கண்டவர் பெயர் எல்லாம் அதில் வரும். பாட்டிலைக் கழுவி ஸ்பிரிட் மாற்றியவர் பெயருக்கு அதில் இடம் கிடையாது. கல்லூரி விலங்கியல் மியூசியத்தில் முப்பத்தொரு வருஷம் அட்டெண்டராக அந்த வேலையைச் செய்தவர் பச்சியப்பன்.

அங்கே அலமாரியில் சும்மா கிடந்த இந்தப் பாட்டிலை சுசித்ரா இரவல் வாங்கிப் போய், சிலந்தியின் வயிற்றுக்குள் விந்து சேமிக்கும் பைகளைப் பிரித்தெடுத்துப் பார்த்தாள். தெரிந்த எந்த இனத்துக்கும் அப்படி முறுக்கிய பைகள் இல்லை. புது இனம். சீட்டில் பாப்பாரப்பட்டி என்று இருந்ததால் அந்த ஊர்ப் பெயரையே இனத்துக்கு வைத்தாள். கட்டுரையின் அச்சுக்கு முந்தைய படி ஆய்விதழிலிருந்து நேற்று வந்துவிட்டது. நாளை மாலைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும்.

"பாப்பா" என்றார் அப்பா. "அந்தச் சீட்டு நான் போட்டது."

"ராஜப்பன் சார் எழுதினதுப்பா."

"எழுதினது அவரு. போட்டது நானு." மூச்சு வாங்கிக்கொண்டார். "தொண்ணூத்தெட்டுல புதுக் கட்டடத்துக்கு மாத்தினோம் இல்ல. தட்டு சாஞ்சி ரெண்டு பாட்டிலு ஒடஞ்சிபோச்சி. தரையில ரெண்டு பூச்சி, ரெண்டு சீட்டு. எது எதுக்குன்னு தெரீல. ஒரு சீட்டு பெருசு, ஒண்ணு சிறுசு. பெரிய சீட்டப் பெரிய பூச்சிக்கு வெச்சிட்டன்."

சிறிய சீட்டில் மாரண்டஹள்ளி என்று இருந்ததாம். அந்த மாதம்தான் அவருக்குப் பர்மனெண்ட் ஆர்டர் வரவேண்டியிருந்தது. சார் லீவில் இருந்தார். இரண்டையும் அப்பாவே வேறு பாட்டில்களில் போட்டு மூடி அலமாரியில் வைத்துவிட்டார்.

"சரியாவும் இருக்கலாம் பாப்பா. தப்பாவும் இருக்கலாம்."

இரண்டு மழைக்காலம் அவள் பாப்பாரப்பட்டியைச் சுற்றி ஒரு கரை விடாமல் தேடியிருந்தாள். அப்பாதான் டிவிஎஸ்ஸில் கூட்டிப்போவார். அவள் கரையோரம் மண்டியிட்டுக் கத்திமுனையால் மண்ணை வருடிக் கதவு தேடும்போது, அவர் வண்டியில் சாய்ந்து நின்று புளிசாதப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஒன்றும் கிடைக்கவில்லை. கரைகள் மனைகளாகிவிட்டன, இனம் அங்கே அற்றுப்போயிருக்கலாம் என்று கட்டுரையில் எழுதியிருந்தாள்.

"அப்பவே ஏம்ப்பா சொல்லல?"

"வண்டிய ஸ்டாண்டு போட்டதும் சொல்லிடணும்னுதான் ஒவ்வொரு வாட்டியும் வருவன். எறங்குனதும் நீ கரையில குனிஞ்சிடுவ."

தலைமாட்டில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்த அம்மா கோவிந்தம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சுசித்ரா பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தாள். அப்பாவின் கையைப் பிடித்திருக்கலாம். அந்த நேரம் அவளுக்குக் கோபம்தான் வந்தது. கஞ்சி கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனாள். அடுப்பிலிருந்து இறக்கி ஆற்றிக்கொண்டிருக்கும்போது அம்மாவின் குரல் கேட்டது.

பதினோரு மணிக்குள் வாசலில் பந்தல் போட்டுவிட்டார்கள். அண்ணன் மதியழகன் போனும் கையுமாக நின்று ஒவ்வொருவருக்கும் தகவல் சொன்னான். சுசித்ரா அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

மதியத்துக்குமேல் ராஜப்பன் சார் வந்தார். விலங்கியல் பேராசிரியராக இருந்து அந்தச் சீட்டுகளை எழுதியவர் அவர்தான். எண்பது வயது, இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். மாலையைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"முப்பத்தொரு வருஷங்க. ஒரு பாட்டில் ஒடஞ்சதில்ல. பச்சியப்பன் கை பட்டதுல தப்பு வராது."

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒரு பெண் மூக்கைச் சிந்திக்கொண்டாள். கோவிந்தம்மாள் மகளைப் பார்த்தாள்.

சுசித்ரா எழுந்துபோய்ச் சாருக்குத் தண்ணீர் கொடுத்தாள். குனிந்து, மெல்லத்தான் கேட்டாள். பாப்பாரப்பட்டியில் பிடித்தது பெரியதா சிறியதா, நினைவிருக்கிறதா?

"ரெண்டு ஊருக்கும் ஒரே வாரத்துல போனம்மா. இப்ப எங்க ஞாபகம் இருக்கு? சீட்டுல இருக்குமே."

"சீட்டை எதுக்குத் தகுந்த மாதிரி வெட்டுவீங்க சார்?"

"என்ன பேப்பர் கெடைக்குதோ அது. கல்யாணப் பத்திரிகை கிழிச்சிக்கூட எழுதியிருக்கன்." அவர் சிரிக்கப் போய், இடம் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

நான்கு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். மேளமும் வெடியும் ஏரிப்பக்கம் திரும்பித் தேய்ந்து போகும்வரை அவர்கள் நின்றார்கள். பிறகு வீட்டைக் கழுவிவிட்டு ஒவ்வொருவராகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள்.

ஈரத்தலையோடு சுசித்ரா அச்சுப்படியைத் திறந்தாள். அச்சாகிவிட்டால், ஊர் தப்பென்று தெரிந்தாலும் இனத்தின் பெயரை மாற்ற விதி கிடையாது. இப்போது மட்டும்தான் முடியும்.

கோவிந்தம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காலையில அப்பா சொன்னத நானும் கேட்டன். சாரு அத்தினி பேரு முன்னால சொல்லிட்டுப் போனாரு பாப்பா. அது அப்பிடியே இருக்கட்டும். குழிமண்ணு இன்னும் காயல."

"பாப்பாரப்பட்டியில அழிஞ்சிபோச்சின்னு எழுதியிருக்கன்மா. அது மாரண்டஹள்ளிப் பக்கம் ஏதோ ஒரு கரையில கதவ மூடிக்கிட்டு உக்காந்திருந்தா? நான் எழுதினதப் படிச்சிட்டு ஒருத்தரும் போய்த் தேட மாட்டாங்க."

வாசலில் பந்தல்காரர்கள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது.

பெயரை மாற்ற வேண்டும், இடம்பற்றிய பத்தியைத் திருத்த வேண்டும், இரண்டு வாரம் தாருங்கள் என்று இதழாசிரியருக்கு எழுதி அனுப்பினாள். பிறகு ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையிலிருந்து பென்சில் துண்டை எடுத்தாள். எப்போதும் அங்கே ஒன்று இருக்கும். மியூசிய வழக்கப்படி பழைய சீட்டு தப்பென்றாலும் வெளியே எடுக்கக் கூடாது. திருத்தத்தை இன்னொரு சீட்டில் எழுதி, யார் சொன்னது என்றும் குறித்து, அதோடேயே போட வேண்டும். அவள் தன் நோட்டின் தடித்த அட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டினாள். எழுதுவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"என்னா எழுதன?"

சுசித்ரா படித்துக் காட்டினாள். "இடம் உறுதியில்லை. பாப்பாரப்பட்டி அல்லது மாரண்டஹள்ளி. 1998இல் பாட்டில் உடைந்தபோது சீட்டு மாறியிருக்கலாம். சொன்னவர் பச்சியப்பன், மியூசியம் அட்டெண்டர்."

கோவிந்தம்மாள் கையை நீட்டி அந்தத் துண்டை வாங்கினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள்தான். அப்பாவின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தபடி இருந்தாள்.

"இனிசியலு போடல?"

சுசித்ரா வாங்கிப் பார்த்தாள். பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. 'மு.' என்று சேர்த்தாள். மூடியைத் திருகித் திறந்து சீட்டை உள்ளே விட்டாள். அது மேலாகவே சிறிது நேரம் மிதந்தது. நனைந்த பிறகு ஒருபக்கம் சாய்ந்து, மெதுவாக இறங்கிப் போய்ப் பெரிய சீட்டின்மேல் ஒட்டிக்கொண்டது.