காலிக் கூடையும் சிவப்பு விளக்கும்

பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுத்து வரும் பெண்களுக்கு ஐஸ் போட்ட எலுமிச்சை சர்பத் தருவதாக முருகம்மாள் நேர்ந்திருந்தாள். அதற்கென்று வாங்கிய ஐஸ் மெஷின், தாராவி வீட்டுச் சமையல் மேடையில் சிவப்பு விளக்கை எரித்துக்கொண்டு சும்மா நின்றது. பால்குட ஊர்வலம் அவர்கள் சந்துக்கு வர இன்னும் ஒரு மணி நேரம்தான்.

“உள்ள ஐஸ் விழுற கூடை நிறைஞ்சா எரியுற விளக்குடி அது” என்றார் கணவர் பூலோகம்.

“வெறுங்கூடைய வச்சுக்கிட்டு நிறைஞ்சிட்டுங்குதே! பொய் சொல்லதுல ஒங்களுக்குத் தம்பி போல.”

“கடையில ஐஸ் வாங்கியாரட்டா?”

“அது எந்தத் தண்ணியோ! காய்ச்சி ஆறவச்ச தண்ணியில வீட்டுலயே செஞ்சு தாரேன்னுல்லா நேந்திருக்கேன்?”

பக்கத்து வீட்டு மன்சூர் அலியைக் கூப்பிட்டார்கள். கடையநல்லூர்க்காரர், ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ரமலான் நோன்பிலும் ஸ்குரூ டிரைவரோடு வந்துவிட்டார்.

“பம்பு தண்ணிய மேல ஏத்தும். இந்த ஒம்பது கம்பியும் விரலு மாதிரி அதுல முங்கி நிக்கும். உள்ள கேஸ் ஓடி விரலக் குளிர வைக்கும்; சுத்தி ஐஸ் பிடிக்கும். பொறவு கம்பி லேசாச் சூடாகி ஐஸ நழுவ விட்டுரும். எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

டார்ச் அடித்துக் கூடைப் பக்கம் குனிந்தவர் சிரித்துவிட்டார்.

“அக்கா, இதுக்கு ரெண்டு கண்ணு உண்டு. ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்கும். நடுவுல ஐஸ் குவிஞ்சு மறைச்சா, கூடை நிறைஞ்சிட்டுன்னு நிப்பாட்டிரும். ஒரு கண்ணுல சந்தனத்த அப்பிக் குங்குமம் வச்சிருக்கியளே!”

முருகம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “புது மெஷினுக்குப் பொட்டு வைக்காம எப்படி?”

“எனக்கு நெத்தியோட விட்டாளே!” என்றார் பூலோகம்.

மன்சூர் அலி துணியை அவளிடம் நீட்டினார். “சாமிக்குன்னு வச்சது. நீங்களே தொடைங்க.”

அவள் துடைத்ததும் சிவப்பு விளக்கு அணைந்தது. எட்டு நிமிடத்தில் ஒன்பது கட்டிகள் கடகடவென்று விழுந்தன. பிறகு இன்னும் ஒன்பது. கொட்டுச் சத்தம் நெருங்கும்போது பெரிய பாத்திரம் நிறைந்திருந்தது. வெயிலில் வெறுங்காலோடு வந்த ஐம்பது பெண்களுக்கும் டம்ளருக்கு ஒரு கட்டி கிடைத்தது.

கூட்டம் நகர்ந்ததும் முருகம்மாள் மெஷினில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

“நேத்திக்கடன்தான் முடிஞ்சிட்டே அக்கா?” என்றார் மன்சூர் அலி.

“யாரு சொன்னா? எட்டு நிமிசம் உக்காருங்க தம்பி” என்று பிளாஸ்க்கைக் கழுவ எடுத்தாள். “சாயங்காலம் நோன்பு தொறக்கையில ஒங்களுக்கும் சில்லுன்னு தண்ணி வேணும்லா?”