ஒரு பல் கூடுதலா, குறைவா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையே நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்ததுதான். மேடுபள்ள மண்பாதையில் பந்தயம் ஓட்டுவதற்கான என் தங்கையின் பிஎம்எக்ஸ் சைக்கிளில், பெடலோடு சேர்ந்து சுற்றுகிற பல்சக்கரத்துக்கு நாற்பத்து நான்கு பல் என்று எழுதினேன். நாற்பத்து மூன்றைவிட அது கம்பீரமாகத் தெரிந்தது. வேறு காரணம் கிடையாது.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘தொடக்கக் கோட்டில் கேட் விழுந்தது. புழுதி பறந்தது. அவள் கண்களில்—’

சே, வேண்டாம். (எல்லாப் பந்தயக் கதையிலும் புழுதிதான் முதலில் கிளம்புகிறது.)

2

தங்கைக்கு முப்பத்தொன்பது வயது. பள்ளி வேன் ஓட்டுகிறாள். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. வருகிற ஞாயிறுதான் அதற்குப் பிறகு முதல் பந்தயம். சமையலறைத் தரையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினைக் கழற்றிக்கொண்டே என் கதையைப் படித்தாள். தாளெல்லாம் கிரீஸ்.

“நாப்பத்திநாலா? யாரைக் கேட்டு மாட்டினே?”

“பெரிசு போட்டா வேகமாப் போகும்னுதான்...”

“கடைசி நேர்பாதையில போகும். கிளம்பும்போது மிதிக்கிறது யாரு, நீயா? கதை எழுதறவனுக்கு முட்டி வலிக்காதுண்ணே!”

[பல் குறைந்தால் சட்டென்று கிளம்பலாம். வேகம் பிடித்த பிறகு கால்தான் பேய்ச் சுற்று சுற்றும். நடுவில் கியர் மாற்ற வழியில்லை, போட்டது போட்டதுதான்.]

அவள் கணவரிடம் நியாயம் கேட்டோம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, “ரெண்டுமே நல்லாத்தானே இருக்கு?” என்றார். பதினாலு வருஷக் குடித்தனம் சொல்லிக்கொடுத்த பதில்.

3

முடிவு அ: நாற்பத்து நான்கு பல். கடைசி நேர்பாதையில் எல்லோரையும் முந்தி முதலிடம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

தங்கை அதைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். “இது உன் ஆசை.”

“சரி தாயே, உன் ஆசை என்ன?”

“முதல் திருப்பம் வரைக்கும் எனக்கு முன்னாடி யாரும் இருக்கக் கூடாது. அப்புறம் எவ வேணா தாண்டிப் போகட்டும். மாசக்கணக்கா கட்டில்ல கிடந்து, எல்லாரும் என்னைத் தாண்டி நடந்து போறதையே பாத்தாச்சு. போதும்ப்பா.”

நாற்பத்து மூன்றை மாட்டினாள். கதையில் நானும் மாற்றினேன். எங்காவது பழைய எண் தட்டுப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

(நான்காம் பகுதியில் மழை பெய்தது. தூக்கிவிட்டேன்.)

5

ஞாயிறு. எட்டுப் பேர். சைக்கிள்களை மறித்து நின்ற கேட் தடாலென்று விழுந்தது. மாப்பிள்ளை போட்ட கூச்சலில் என் காது அடைத்துப்போனது. மூன்றாவது மிதிக்குள் தங்கை ஒரு சக்கர நீளம் முந்திவிட்டாள். ஒரு மேடு, இன்னொரு மேடு. முதல் திருப்பத்தில் சாய்ந்தபோது அவளுக்கு முன்னால் மண்பாதை மட்டும்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். எத்தனையாவதாக வந்தாள் என்று தெரிந்தே ஆகவேண்டுமென்றால், நீங்களே ஒரு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எட்டு என்று எழுதினாலும் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.