தண்ணீர் போகும் பக்கம்

தையல்காரியின் கொல்லையில் போன வருஷம் பதித்த பேவர் கற்கள் ஒரே மழையில் பல்லிளித்துவிட்டன. வெறும் மண்ணைத் தட்டி மேலே அடுக்கியதன் பலன். நாற்காலி போட்டால் மூன்று கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். இந்தத் தடவை நாலு பேரிடம் விசாரித்து ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டாள்.

அவர் கற்களைப் பெயர்த்து ஓரமாக அடுக்கிவிட்டு, முக்கால் அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டினார்.

"நான் கிணறா கேட்டேன்?"

"கண்ணுக்குக் கல்லு மட்டும்தாம்மா தெரியும். பாரத்தைத் தாங்கறது அடியில போடற ஜல்லி." நூலை இழுத்துக் கட்டினார். "சரிவு வைக்கணும். தண்ணி எந்தப் பக்கம் போகட்டும்?"

யோசிக்காமல் வலப்பக்கம் கை காட்டினாள்.

"அங்க ஒரு சுவர் இருக்கே."

"என் தங்கச்சி வீட்டுச் சமையலறை."

கொத்தனார் அவள் முகத்தைப் பார்த்தார். நூலை அந்தப் பக்கமாக இறக்கிக் கட்டினார்.

ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்தபோது, வெளிச்சமுள்ள பாதி யாருக்கு என்று வாக்குவாதம் எழுந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருஷமாக அக்காவும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஜல்லியும் கல்தூளும் கலந்து மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, அதிரும் இயந்திரத்தை ஓட்டி இறுக்கினார் கொத்தனார். இரண்டாவது அடுக்கின் மேல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தங்கை வந்து நின்றாள்.

"என்ன நடக்குது இங்க? அலமாரியில ஒரு டம்ளர் நிக்க மாட்டேங்குது!"

கேள்வி கொத்தனாருக்குத்தான். தங்கை பேருந்து ஓட்டுகிறவள். மேடு பள்ளம் அவள் கண்ணுக்குத் தப்பாது. நூலைப் பார்த்தாள்.

"சரிவு என் சுவருக்கு வருதே. யார் சொன்னது?"

கொத்தனாருக்கு இயந்திரத்தில் திடீரென்று ஏதோ கோளாறு தெரிந்தது. குனிந்துகொண்டார்.

"நான்தான்," என்றாள் அக்கா.

"தெரிஞ்சேவா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரிஞ்சுதான்."

தங்கை கத்தவில்லை. "அந்தச் சுவர்லதான் கரண்ட் வயரெல்லாம் போகுது," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனாள். கத்தியிருந்தால் அக்காவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"பின்பக்கக் கால்வாய்க்குத் திருப்ப முடியுமா?" என்று சற்று நேரம் கழித்துக் கொத்தனாரிடம் கேட்டாள் அக்கா.

"முடியும். இறுக்கினதைக் கொத்திக் கிளறி மறுபடி போடணும். ரெண்டு நாள் கூட ஆகும்."

"கிளறுங்க."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்தான்."

மறுநாள் புது நூல் கட்டும்போது, வேலைக்குக் கிளம்பிய தங்கை சீருடையோடு வந்து ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனை அக்கா கையில். நாலடிக்கு ஓர் அங்குலம் இறங்க வேண்டும்.

"இன்னும் இறக்கு," என்றாள் அக்கா.

"இறக்கிட்டேன்."

"இதுக்குப் பேரு இறக்கினதா?"

ஜல்லி மூன்று அடுக்காக இறுகியது. அதன் மேல் ஓர் அங்குலம் மணல் பரப்பி, நேர்ப்பலகையால் இழுத்துச் சமன் செய்து, கற்களைப் பதித்து முடித்தார் கொத்தனார்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் தங்கை கற்களின் மேல் ஒரு சுற்று நடந்து பார்த்தாள்.

"அவர் நம்பரை அனுப்பு. என் பக்கமும் குண்டும் குழியுமாத்தான் கிடக்கு."

அக்கா கைப்பேசியை எடுத்தாள். தங்கையின் எண் அதில் இல்லை. எப்போதோ கோபத்தில் அழித்திருந்தாள்.

"உன் நம்பரைச் சொல்லு," என்றாள்.

தங்கை ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு, ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள்.